பனியாறு இல்லாத பள்ளத்தாக்கு

வானம் மழை பொழிவது ஆண்டில் சில திங்களே. மண்ணில் வாழும் உயிர்களுக்கு நீர் வேண்டுவதோ பன்னிரு திங்களும் ஆகும். பெய்த மழை முழுவதும் அன்றே ஓடிக் கடலிற் கலந்துவிடுமாயின், சில நாள்களிலேயே ஆறுகள் வறண்டுவிடும்; வயல்கள் வெடித்துவிடும். அவ்வாறு நேராமல், பெய்த நீரைப் பிடித்து வைத்து, வேண்டும் காலத்தில் சிறிது சிறிதாக விடுவிக்கும் காவலர் எங்கோ இருத்தல் வேண்டும். அக்காவலர் யாவர்? அவர்கள் உறையும் இடம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் ஆற்றங்கரை வழியே மேல்நோக்கிச் சென்று மலையை அடைதல் வேண்டும்.

வடநாட்டில் இக்காவலை ஏற்று நிற்பவற்றுள் தலையாயவை பனியாறுகள். இமயத்தின் உச்சிகளில் வானம் நீரைப் பெய்வதில்லை, வெண்பனியைப் பெய்கிறது. ஓர் ஆண்டில் விழுந்த பனி உருகி முடியுமுன், அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் படிகிறது. அடுக்கடுக்காய்ப் படியும் பனியின் பாரத்தால் அடியிலுள்ள பனி இறுகிக் கட்டியாகிறது. அக்கட்டி பல பத்து மீட்டர் தடிப்பை எய்தியதும் ஒரு புதுமை நிகழ்கிறது. கல்லைப்போல் உறைந்து கிடந்த அது, தன் எடையாலேயே நெகிழ்ந்து, மலைச்சரிவில் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்குகிறது. கண்ணுக்குப் புலனாகாதவாறு ஊர்ந்து செல்லும் இப்பனிப் பெருக்கையே பனியாறு என்பர். காசுமீரத்துக்கு வடக்கேயுள்ள சியாச்சின் பனியாறு ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுடையது. கங்கையின் தாய்க்கிளைகளுள் ஒன்றாகிய பாகீரதிக்குப் பிறப்பளிக்கும் கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது.

பனியாற்றின் அடிமுனை கோடையில் உருகி நீராகிறது. வெயில் மிகுந்து நிலம் வாடும் காலத்திலேதான் பனியும் மிகுதியாக உருகுகிறது. குளிர்காலத்தில் சேமித்ததைக் கோடையில் செலவிடும் இச்சிக்கனத்தை இயற்கை எவரிடத்தும் கற்கவில்லை. மக்களே இதனை இயற்கையிடமிருந்து கற்க வேண்டியவர்கள்.

பனியாறுகளைக் கண்ணாரக் காண மக்கள் மூன்று வழிகளில் செல்கின்றனர். முதலாவது நடைவழி. கங்கோத்திரி ஊரிலிருந்து கோமுகம் என்னும் பனிமுகம் வரை 18 கிலோமீட்டர் தொலைவு மலைப்பாதையில் நடந்தே செல்ல வேண்டும். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பனிச்சுவரின் அடியிலிருந்து பாகீரதி நுரைத்துக்கொண்டு புறப்படுவதை அங்கே காணலாம். பலர் ஒருங்கே சென்றால் அந்த மெல்லிய மலைநிலம் கெடும் என்பதால், அரசின் இசைவு பெற்ற அளவான தொகையினரே நாள்தோறும் அப்பாதையில் விடப்படுகின்றனர்.

இரண்டாவது வழி இருப்புப்பாதை. சுவிட்சர்லாந்து நாட்டில் யுங்ஃபிராவ் என்னும் மலையின் தோள்வரை செல்லும் இருப்புப்பாதை ஒன்று உண்டு. பாறையைக் குடைந்து அதனை அமைக்கும் பணி 1896ஆம் ஆண்டில் தொடங்கியது. 16 ஆண்டுகள் உழைத்தபின், 1912ஆம் ஆண்டில் முடிவெய்தியது. கடல்மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் மேல்நிலையத்தில் இறங்குவோர், ஆல்ப்சு மலைத்தொடரிலேயே மிக நீண்டதாகிய அலெட்சுப் பனியாற்றைக் காண்கின்றனர்.

மூன்றாவது வழி படகு. வட அமெரிக்காவின் அலாசுகா மாநிலத்தில் பனியாறுகள் கடல்வரை இறங்கி வருகின்றன. அங்குள்ள பனியாற்று விரிகுடாவில் கப்பலிலும் படகிலும் சென்று, மலைபோன்ற பனிப்பாளங்கள் பேரோசையுடன் உடைந்து கடலில் விழுவதைக் காண்போர் பலர். ஆனால், அவ்விரிகுடாவின் வரலாறு வியப்பையும் கவலையையும் ஒருங்கே தருவது. 1794ஆம் ஆண்டில் வான்கூவர் என்னும் மாலுமியின் குழுவினர் அங்கே சென்றபோது, இன்று விரிகுடாவாக உள்ள இடத்தின் பெரும்பகுதியைப் பனி அடைத்துக்கொண்டிருந்தது. 1916ஆம் ஆண்டளவில் அப்பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இன்று படகு மிதக்கும் நீர்ப்பரப்பு, அன்று பனி நின்ற இடமாகும்.

அக்காலத்துப் பனிக்குறைவு பெரிதும் இயற்கையின் மாறுதலால் நேர்ந்தது என்பர். இக்காலத்தில் உலகெங்கும் நேரும் குறைவோ பெரிதும் மக்களால் விளைந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியிடும் காற்றுகள் நிலவுலகைப் போர்வைபோல் மூடி வெப்பத்தை மிகுவிக்கின்றன. கோமுகம் ஆண்டுதோறும் பல மீட்டர் பின்வாங்குகிறது. ஐசுலாந்து நாட்டில் ஓக் என்னும் பெயருடைய பனியாறு, பனியாறு என்னும் தகுதியையே இழந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் மக்கள் அங்கே கூடி, அதற்கு ஒரு நினைவுப் பட்டயம் பதித்தனர். ஐக்கிய நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டு என அறிவித்து, மார்ச்சு 21ஆம் நாளைப் பனியாறுகளின் நாளாகவும் குறித்தது.

இனி, தென்னாட்டின் நிலையை நோக்குவோம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். குளிர்காலத்து விடியற்காலையில் அதனைச் சூழ்ந்த மூணாற்று மலைகளில் புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளியெனப் பூத்திருப்பதுண்டு. ஆயினும், வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். தென்னாட்டு மலை எதிலும் பனியாறு இல்லை. நெடுங்காலத்துக்கு முன் உலகம் குளிர்ந்திருந்த பனியூழியின் சுவடாக இங்கே எஞ்சியிருப்பது ஒரு மரம் எனலாம். நீலகிரியிலும் பழனிமலையிலும் மூணாற்று மலைகளிலும், காட்டுப் பூவரசு என்னும் மரம் செந்நிற மலர்க்கொத்துகளைத் தாங்கி நிற்கிறது. அதன் உறவு மரங்கள் வாழ்வது தொலைவிலுள்ள இமயத்தில் ஆகும். குளிர்ந்த காலத்தில் அவ்வினம் தெற்கே பரவியது என்றும், பின்னர் வெப்பம் மிகுந்தபோது சமவெளியில் வாழ இயலாமல் மலையுச்சிகளில் மட்டும் ஒதுங்கியது என்றும் அறிஞர் சிலர் கருதுவர்.

பனியாறு இல்லாத நாட்டில் கோடையில் ஆறு ஓடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகூற ஏற்ற இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஏலமலைகளும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் மதில்களென நிற்க, நடுவே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களைத் தாங்கிப் பசுமை விரித்துக் கிடக்கிறது இப்பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் தென்னையும் இங்கே தழைக்கின்றன. ஆண்டு முழுவதும் மாறிமாறிக் காய்க்கும் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வளவு வளமும் இந்நிலத்தில் விழும் மழையால் மட்டும் வருவதன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைகளுக்கு மேற்கேயே பொழிந்துவிட்டு, இளைத்த முகிலோடுதான் இப்பக்கம் வருகிறது. மலையின் மறுபுறத்தில் கொட்டிய நீரே பள்ளத்தாக்கின் உயிர். அந்நீர் தங்கும் இடங்களையும் இருப்புப்பாதை, நடைவழி, படகு ஆகிய மூன்று வழிகளிலேயே சென்று காணலாம் என்பது இவ்விடத்தின் தனிச்சிறப்பு.

முதலில் இருப்புப்பாதை வழியே செல்வோம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர்வரை உள்ள இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மலையில் விளைந்த ஏலமும் தேயிலையும் நாடெங்கும் செல்வதற்கு வழியாக, 1928ஆம் ஆண்டில் இது திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது இதன் தண்டவாளங்கள் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, வண்டிகள் ஓடலாயின. அகலப்பாதையாக மாற்றும்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் அப்போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக இம்மாவட்டம் புகைவண்டியைக் காணவில்லை. 2022ஆம் ஆண்டு மே திங்களில் தேனிவரையிலும், 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் போடிவரையிலும் வண்டிகள் மீண்டும் வந்தன. புகைவண்டி என்னும் பழம்பெயர் வழக்கில் நின்றாலும், புகை இன்றியே இன்று அது செல்கிறது.

மதுரையை விட்டுப் புறப்படும் வண்டி, உசிலம்பட்டியைக் கடந்ததும் ஆண்டிபட்டிக் கணவாயில் நுழைகிறது. இருமருங்கும் குன்றுகள் நெருங்கி நிற்கின்றன. முட்புதர்களும் வறண்ட பாறைகளும் கண்ணிற்படுகின்றன. கணவாயைக் கடந்ததும் காட்சி மெல்ல மாறுகிறது. தொலைவில் மேற்குமலைத் தொடர் நீல மதிலெனத் தோன்றுகிறது. அதன் உச்சியில் முகில்கள் தங்கியிருக்க, கீழே வானம் வெறுமையாய் இருப்பதைப் பலகாலும் காணலாம். முகில் அங்கே நிற்பதும் மழை இங்கே குன்றுவதும் ஏன் என்பதை, வண்டியின் சாளரத்தருகே அமர்ந்த மாணவன் நூலின் உதவியின்றியே உணர்ந்துகொள்வான். ஆண்டிபட்டிக்கு அருகில் 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வையை அணை உள்ளது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வையையும், கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் முல்லையாறும் ஒன்றுகூடி அங்கே தேங்குகின்றன. மதுரைக்கும் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் செல்லும் நீரின் கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது.

அடுத்தது நடைவழி. போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குரங்கணி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் என்னும் இடத்துக்கு ஒரு பாதை ஏறிச் செல்கிறது. மலையுச்சியில் உள்ள ஊருக்கு 'ஸ்டேஷன்' என்னும் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முற்காலத்தில் மூணாற்றிலிருந்து அவ்விடம்வரை சிறு இருப்புப்பாதை ஒன்று இருந்தது. மூணாற்றுத் தேயிலை அவ்வண்டியில் டாப் ஸ்டேஷனை அடையும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு மலையடிவாரத்துக்கு இறங்கும். பின்னர் மாட்டுவண்டியில் போடிக்குச் செல்லும். 1924ஆம் ஆண்டில் நேர்ந்த பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. பெயர் மட்டும் மலைமேல் நிலைத்துவிட்டது. மலையின் நீர், காப்பாரின்றி ஒருசேர இறங்கினால் என்ன செய்யும் என்பதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு சான்று.

குரங்கணிப் பாதையில் ஏறுவோர் முதலில் வெப்பமான புதர்க்காட்டையும், பின்னர்க் காப்பி, ஏலத் தோட்டங்களையும், அதற்கும் மேலே புல்வெளிகளையும் காண்கின்றனர். புல்வெளிகளுக்கு இடையே, மலைமடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்பவை சோலைக்காடுகள். அவற்றின் மரங்கள் நெடிதுயர்ந்தவை அல்ல. குட்டையாய், நெருங்கி, பாசி போர்த்து நிற்பவை. தென்னாட்டில் பனியாறு செய்யும் தொழிலைச் செய்பவை இச்சோலைகளும் புல்வெளிகளுமே.

அவை அத்தொழிலைச் செய்யும் முறை அறியத்தக்கது. மலைமேல் விழும் பெருமழையை முதலில் மரத்தின் இலைகள் தாங்குகின்றன. அதனால் துளியின் வேகம் தணிகிறது. நெடுங்காலமாக உதிர்ந்து மக்கிய இலைகள் தரையில் மெத்தைபோல் கிடக்கின்றன. அம்மெத்தை நீரை உறிஞ்சுகிறது. வேர்கள் அந்நீருக்கு மண்ணினுள்ளே வழிவிடுகின்றன. புல்வெளியின் வேர்ப்பின்னல் மண்ணை அரித்துப்போக விடாமல் கட்டிக் காக்கிறது. மழை இல்லாத நாளிலும், தவழ்ந்து செல்லும் மூடுபனி இலைகளிலும் பாசியிலும் பட்டுத் துளித்துளியாய்ச் சொட்டுகிறது. இவ்வாறு மண்ணுள் இறங்கிய நீர் பாறை இடுக்குகளின் வழியே பல நாள், பல திங்கள் கழித்து ஊற்றாக வெளிப்படுகிறது. மழை நின்று நெடுநாள் சென்றபின்னும் மலையோடையில் நீர் சலசலக்கும் மறைபொருள் இதுவே. இங்ஙனம் மலையில் ஊறும் நீரே கொட்டகுடி ஆறாகப் போடியின் பக்கம் இறங்குகிறது. மேகமலைப் பக்கத்தில் சுருளி அருவியாக வீழ்கிறது.

பனியாறு நீரைக் கட்டியாக்கிச் சேமிக்கிறது. சோலை நீரை மண்ணில் ஒளித்துச் சேமிக்கிறது. முன்னதன் பகை வெப்பம். பின்னதன் பகைகளோ பல. சென்ற இரு நூற்றாண்டுகளில் இம்மலைகளில் பல சோலைகள் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. புல்வெளிகளை வெற்றுநிலம் என்று கருதிச் சீகை, தைலமரம் முதலிய அயல்நாட்டு மரங்களை நட்டவர்களும் உண்டு. பார்வைக்குப் பசுமை குறையவில்லை. ஆனால், நீரைப் பிடிக்கும் பழைய அமைப்புச் சிதைந்தது. பசுமையெல்லாம் சோலை ஆகாது என்பதை மக்கள் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். இன்று எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மேகமலைக் காடுகளையும் திருவில்லிபுத்தூர்க் காடுகளையும் இணைத்து, 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. புலி வாழ இடம் கொடுத்தால், அவ்விடத்தில் நீரும் வாழும்.

இந்நடைவழியைப் பற்றிக் கூறும்போது ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்லாது விடுதல் தகாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ மூண்டது. மலையேற்றத்துக்குச் சென்றிருந்தோர் அதனிடையே அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையின் தொடக்கத்தில் மலைப்புல் உலர்ந்து சருகாகிவிடும். ஒரு பொறி விழுந்தாலும் காற்றினும் விரைந்து தீ ஏறும். மேடான சரிவில் மனிதன் அதனை முந்தி ஓட இயலாது. அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகளை வகுத்தது. வனத்துறையின் இசைவும், வழி அறிந்தவரின் துணையும், ஏற்ற பருவமும் இன்றி மலையேறுதல் அறியாமை ஆகும். மலையைக் காணும் ஆவல் நன்று. அம்மலையின் இயல்பை அறிந்தபின் செல்லுதல் அதனினும் நன்று.

மூன்றாவது, படகுவழி. கம்பத்திலிருந்து கூடலூர் வழியாகச் செல்லும் சாலை, லோயர் கேம்ப்பைத் தாண்டி, வளைந்து வளைந்து குமுளி மலைமேல் ஏறுகிறது. அங்கே தமிழ்நாட்டு எல்லை முடிந்து கேரளம் தொடங்குகிறது. சற்றுத் தொலைவில் தேக்கடி. காட்டுக்கு நடுவே கிளைகிளையாய் விரிந்து கிடக்கும் பேரேரி ஒன்றில் அங்கிருந்து படகுகள் செல்கின்றன. கரையில் யானைக்கூட்டம் நீரருந்த வரும். காட்டெருமையும் மானும் மேயும். நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். ஏரியின் நடுவே கரிய மரக்கட்டைகள் பல நீரிலிருந்து தலைநீட்டி நிற்பதைக் காண்போர், 'நீருக்குள் மரம் முளைத்தது எவ்வாறு?' என்று வியப்பர். மரம் நீரில் முளைக்கவில்லை. மரம் நின்ற காட்டில் நீர் புகுந்தது. நூறாண்டுகளுக்கு மேல் நீரில் நிற்கும் அக்கட்டைகளே அவ்வேரி மக்களால் ஆக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

அதன் வரலாறு வருமாறு: மலையின் மேற்குச் சரிவில் ஓடும் பெரியாறு, பெருகி ஓடி மேற்குக் கடலில் கலந்துவந்தது. கிழக்கிலோ, வையைக் கரையில் வாழ்ந்த மக்கள் மழை பொய்த்தால் பஞ்சத்தில் வாடினர். மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என்னும் எண்ணம் பழமையானது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டளவிலேயே இதனை எண்ணினார் என்பர். 1808ஆம் ஆண்டில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஆராய்ந்து, இஃது இயலாத செயல் என்று எழுதிவைத்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்தது. அதன்பின்னரே இத்திட்டம் உறுதிபெற்றது. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது.

1887ஆம் ஆண்டில் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் பணி தொடங்கியது. ஊர் இல்லை, சாலை இல்லை. யானையும் புலியும் உலவும் அடர்காடு. ஆண்டில் சில திங்களே பணிசெய்ய இயலும். மழைக்காலத்து வெள்ளம் கட்டிய கட்டடத்தை ஒருமுறையன்று, பலமுறை அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சல் தொழிலாளரை வாட்டியது. பலர் அங்கேயே மாண்டு, அம்மண்ணிலேயே அடக்கமாயினர். எனினும், பணி நிற்கவில்லை. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. தேங்கிய நீரைக் கிழக்கே கொணர, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்கு மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அணை திறந்துவைக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடப் பிறந்த ஆற்றின் நீர் அன்றுமுதல் கிழக்கு நோக்கியும் வரலாயிற்று. பிற்காலத்தில் அந்நீர் மலையிலிருந்து இறங்கும் விசையைக் கொண்டு லோயர் கேம்ப்பில் மின்சாரமும் எடுக்கலாயினர்.

பள்ளத்தாக்கில் மட்டும் ஏறத்தாழ 14,700 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் விளைகிறது. அதற்கப்பால், மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களும் அந்நீரை எதிர்நோக்குகின்றன. பென்னிகுயிக்கின் உருவப்படம் இப்பகுதியின் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்டிருப்பதும், பொங்கல் நாளில் உழவர் அவரை நினைந்து பொங்கலிடுவதும், 2013ஆம் ஆண்டில் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டதும் நன்றியின் அடையாளங்கள். பெயர் எழுதப்படாமல் மாண்ட தொழிலாளரும் அந்நன்றிக்கு உரியவரே.

தேக்கடி ஏரியிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அமைதியாகத் தோன்றும் நீரும் ஆழமானது என்பதை மறத்தலாகாது. மிதவைச்சட்டை அணிதலும், தனக்கு உரிய இருக்கையில் அமர்ந்திருத்தலும், அளவுக்கு மிஞ்சி ஆள் ஏறிய படகில் ஏற மறுத்தலும் அச்சத்தின் அடையாளங்கள் அல்ல, அறிவின் அடையாளங்கள்.

இனி, மூன்று வழிகளாலும் பெற்ற அறிவைத் தொகுத்து நோக்குவோம். வடக்கே பனியாறு, இயற்கை கட்டிய நீர்க்களஞ்சியம். தெற்கே சோலையும் புல்வெளியும் இயற்கை கட்டிய மற்றொரு களஞ்சியம். பெரியாற்று ஏரி மனிதன் கட்டிய களஞ்சியம். இம்மூன்றனுள் மனிதன் கட்டியதே வலியது என்று எண்ணுதல் பிழை. அணை நீரைத் தேக்குமேயன்றி நீரை ஆக்காது. ஏரிக்குப் பின்னே உள்ள காடு செழித்திருந்தால்தான் மழைக்குப் பிந்திய திங்களிலும் ஓடைகள் ஏரியை நிரப்பும். காடு அழிந்தால் வெள்ளம் ஒருசேர வரும். அதனோடு மண்ணும் வரும். மண் நிரம்பினால் ஏரி மேடாகும். பெரியாற்று ஏரியைச் சுற்றிய காடு காக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக ஆக்கப்பட்டது ஏரிக்கும் அரணாயிற்று. பென்னிகுயிக்கின் அணைக்குச் சோலைக்காடு மூத்த துணை எனலாம்.

மற்றோர் உண்மையும் உண்டு. அணை உடைந்தால் மீண்டும் கட்டலாம்; இடிந்த இருப்புப்பாதையைச் செப்பனிடலாம். கரைந்த பனியாற்றையோ, அழிந்த சோலையையோ ஒரு தலைமுறையில் மீட்க இயலாது. கோமுகத்தின் பனி, பல நூற்றாண்டுகளாகப் படிந்த பனி. சோலையின் மண், பல நூற்றாண்டுகளாக மக்கிய இலை. ஒரு நாள் அழிவை நூறாண்டு முயன்றும் ஈடுசெய்தல் அரிது. இதனை உணர்ந்தவனே மலைக்குச் செல்லும் தகுதியுடையவன்.

மாணவர்களே! மலையும் ஆறும் ஏரியும் காண்பதற்கு வாய்ப்பு நேர்ந்தால் தவறாது சென்று காண்க. செல்லும்போது நெகிழித்தாளும் புட்டியும் எறிதலையும், தீ மூட்டலையும், செடியைப் பறித்தலையும் தவிர்க்க. வெறும் காட்சியை மட்டும் கண்டு திரும்பாமல், 'இந்நீர் எங்கிருந்து வருகிறது? இதனைக் காத்து வைத்தது எது? அதனைக் காப்பவர் யார்?' என்று வினவுக. தேனியில் வாழும் மாணவன் தன் ஊர் வாய்க்காலின் ஒரு கை நீரை அள்ளும்போது, அது சென்ற திங்களில் சோலை மண்ணில் ஒளிந்திருந்திருக்கலாம், தேக்கடி ஏரியில் யானை அருந்தி எஞ்சியதாக இருந்திருக்கலாம், மலையைக் குடைந்த சுரங்கத்தின் இருளைக் கடந்து வந்திருக்கலாம் என்று நினைப்பானாயின், அந்நீரை வீணாக்க அவன் மனம் இசையாது. நீரின் வரலாற்றை அறிந்தவன் நீரைக் காப்பான்; நீரைக் காப்பவனே நாட்டைக் காப்பவன்.